கூரை வேலை கத்துக்கணுமா? சம்பளத்தோட அப்ரென்டிஸ் பயிற்சி: சேருவது எப்படி? எதைக் கவனிக்கணும்?

பத்தாவது முடிச்சாச்சு, கட்டட வேலைல இறங்கலாம்னு யோசிக்கிறீங்களா? கோட்டூர்புரம் மாதிரி பகுதிகளில் பலர் மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேர்ந்துதான் தொழில் கற்கிறார்கள். கூலி கிடைக்கும், சான்றிதழ் கிடைக்காது. இன்னொரு வழி, அரசுப் பதிவுள்ள அப்ரென்டிஸ் பயிற்சி. அதில் என்ன லாபம், என்ன சிக்கல்?

கூரை வேலைன்னா என்ன?

சென்னையில் பெரும்பாலும் கான்கிரீட் தளம்தான். அதனால் இது ஒரே வேலை இல்லை, பல வேலைகளின் தொகுப்பு:

• சென்டரிங்: முட்டு கொடுத்து, பலகை அடித்து, கான்கிரீட்டைத் தாங்க வைப்பது
• கம்பி கட்டுதல்
• தட்டோடு பதித்தல்: மொட்டை மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, மேலே ஓடு பதிப்பது
• ஷீட் கூரை: இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து ஷீட் மாட்டுவது

மொட்டை மாடி வேலையில் முக்கியமானது வாட்டம். தண்ணி தேங்காமல் குழாய் பக்கம் ஓடணும். அது தப்பினால் அடுத்த மழைக்கே ஒழுகும். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. ரசமட்டமும் கையுமா மாடியில் நின்னாதான் வரும்.

எவ்வளவு கிடைக்கும்?

அப்ரென்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை:

• 5 முதல் 9-ம் வகுப்பு வரை: 5,000 ரூபாய்
• 10-ம் வகுப்பு: 6,000 ரூபாய்
• 12-ம் வகுப்பு: 7,000 ரூபாய்

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் தொகை கூடும். 2016-ல் தொடங்கிய தேசிய அப்ரென்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. சேரும் முன் அப்போதைய தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தாள் கூலியே அதிகமாச்சே?

உண்மைதான். மாதம் முழுக்க வேலை கிடைத்தால் சென்னையில் சித்தாளின் கூலி இதைவிடக் கூடுதல். வீட்டு வாடகை உங்கள் கையில் இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சித்தாளுக்கு மண், ஜல்லி சுமப்பதே வேலையாகப் போய்விடலாம். அப்ரென்டிஸுக்குத் தொழில் சொல்லித்தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. பயிற்சி முடிந்து தேர்வில் தேறினால் சான்றிதழ் உண்டு. முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தந்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

விபத்து நடந்தா?

உயரத்திலிருந்து விழுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து. பயிற்சியின்போது வேலையால் காயம் ஏற்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு என்கிறது சட்டத்தின் 16-வது பிரிவு. ஒப்பந்தம் பதிவாகாமல் 'அப்ரென்டிஸ்' என்று வாயால் மட்டும் சொன்னால், நீங்கள் குறைந்த கூலிக்கு வேலை பார்க்கும் ஆள், அவ்வளவுதான். ஹெல்மெட், சேஃப்டி பெல்ட், உறுதியான சாரம் இல்லாத இடத்தில் ஏறாதீர்கள்.

எப்படிச் சேர்வது?

1. 'அப்ரென்டிஸ்ஷிப் இந்தியா' போர்டலில் ஆதார், கல்விச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.
2. 'கூரை' என்று தேடாதீர்கள். கொத்தனார், தச்சர், வெல்டர், கம்பி வேலை என்று தேடுங்கள்.
3. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரென்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் என்றால் விருப்பம். ரெண்டு மூணு ஆள் வைத்திருக்கும் மேஸ்திரி இதில் வரமாட்டார். பெரிய கான்ட்ராக்டர்களைக் கேளுங்கள்.
4. கோட்டூர்புரத்துக்குப் பக்கத்திலேயே கிண்டியில் அரசு ஐடிஐ இருக்கிறது. நேரில் போய் விசாரிக்கலாம்.
5. ஒப்பந்தம் போர்டலில் பதிவானதும் அதன் எண்ணைக் குறித்துவைத்து, நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கட்டட வேலையில் இருக்கிறவர்களா? 18 வயது முடிந்திருந்தால் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். பதிவு பெற்றவர்களுக்கு அரசு நடத்தும் குறுகிய காலத் திறன் பயிற்சிகள் பற்றி அங்கேயே கேளுங்கள்.

மொத்தத்தில், சேரும் முன் மூணு கேள்வி கேளுங்க: ஒப்பந்தம் பதிவாகுமா? எந்த வேலையைச் சொல்லித்தருவீங்க? பணம் வங்கிக் கணக்குல வருமா? மூணுக்கும் தெளிவான பதில் வந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்க.