ஈஸ்ட் ஹாம் வீடுகளின் பின்பக்கம்

விக்டோரியா காலத்து வீட்டைத் திருத்துகிறோம் என்றால் எல்லாருடைய கவனமும் முகப்பில்தான். தள்ளி நிற்கும் மூன்றுபக்க யன்னல், வாசலுக்கு மேலே பூ வேலை, நடைபாதையில் பதித்த வண்ணக் கற்கள். லண்டனில் இந்த வீடுகளில் மேசன் வேலை செய்கிற எனக்கு அவற்றின் பின்பக்கமே பெரிது. அங்கேதான் வீட்டின் சரித்திரம் கிடக்கிறது. முதலில் இடிபடுவதும் அதுதான்.

இன்று கிழக்கு லண்டனில் இருக்கும் ஈஸ்ட் ஹாமில் 1881இல் சுமார் 10,000 பேர்தான் இருந்தார்கள். 1901இல் 96,000 பேர். தொழிலாளருக்குக் குறைந்த கட்டணத்தில் ரயில் விட வேண்டும் என்று 1883இல் சட்டம் வந்ததும், லண்டனுக்குக் கிழக்கே இருந்த காய்கறித் தோட்டங்கள் பலவும் வரிசை வீடுகளாயின. செங்கல் வரி 1850இலும் யன்னல் வரி 1851இலும் ஒழிந்திருந்தன. முகப்பில் கண்ணாடிக்குக் கஞ்சத்தனம் தேவைப்படவில்லை. தெரு 36 அடிக்குக் குறையக்கூடாது, வீட்டுக்குப் பின்னால் 150 சதுர அடியாவது வெறுமையாக விடவேண்டும் என்றன 1877ஆம் ஆண்டின் மாதிரி விதிகள். அந்த இடத்தை விட்டு, வீட்டின் பாதி அகலத்தில் பின்னால் ஒரு நீளக் கட்டு இழுத்தார்கள். அதில் குசினி, அடுத்து பாத்திரமும் உடுப்பும் கழுவும் அறை, கடைசியில் வெளியே கதவு வைத்த கக்கூஸ். பக்கத்தில் மிஞ்சிய ஒடுங்கிய சந்து, நடு அறைக்கு வெளிச்சமும் காற்றும் கொடுக்க. நல்ல செங்கல் தெருப்பக்கம், மலிவானது பின்னுக்கு.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம்மவர்களில் பலர் குடியேறியது இப்படியான வீடுகளில்தான். அப்படி ஒரு வீட்டில் பின் அறைச் சுவர்ப் பலகையைக் கழற்றினேன். மூலையில் செங்கலெல்லாம் கரி.

“தம்பி, இங்கை எப்பவாவது நெருப்புப் பிடிச்சதோ?” வீட்டுக்கார அக்கா பயந்துபோனார்.

“இல்லை அக்கா, இது உடுப்பு அவிச்ச அடுப்பு.”

செங்கல் மேடை கட்டி, உள்ளே செப்புக் கிடாரத்தைப் பதித்து, அடியில் நெருப்பு மூட்டுவார்கள். திங்கட்கிழமை தோய்க்கும் நாள். வேலைக்காரி வைக்க வசதியில்லாத வீட்டில் அந்தக் கிடாரத்துக்குத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றியது வீட்டுப் பெண்தான். புகை போன துவாரம் உள்ளே இன்னும் தார் பூசினதுபோல மினுங்கியது. அதன் கீழே, வாளி உரசி உரசி, ஒரு செங்கலின் விளிம்பு வழவழவென்று உருண்டிருந்தது. பக்கத்துச் சுண்ணாம்புப் பூச்சை உடைத்தால் உள்ளே மாட்டு மயிர் இழையிழையாக நின்றது, வெடிக்காமல் பிடிக்க.

இந்த வீடுகளில் குளிப்பறைக்கு ஏன் குசினிக்குள்ளால் போகவேண்டும் என்று பலரும் கேட்பார்கள். குளிக்கும் தொட்டி, கைகழுவும் பேசின், சுடுநீர், கக்கூஸ், சாப்பாட்டுச் சாமான் வைக்கும் இடம் ஆகிய ஐந்தையும் அமைக்க 1959இல் அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியது. தண்ணீர்க் குழாய் ஏற்கெனவே எட்டியிருந்த கழுவும் அறை அப்போது பல வீடுகளில் குளிப்பறையானது. இன்றைக்கு அதையும் தட்டி, சந்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, முழுவதையும் ஒரே குசினியாக்குகிறார்கள். நம் குடும்பங்களுக்கு அந்த இடம் வேண்டும். பெருப்பிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் வழித்தெறிய வேண்டுமா?

இடிக்காமல் விட்ட சுவர்களுக்கோ சீமெந்துதான் யமன். 9 அங்குலச் சுவர், நடுவில் வெற்றிடம் கிடையாது. செங்கற்களுக்கிடையே உள்ள சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் ஈரம் வெளியேறும். அந்த இடுக்கைச் சீமெந்தால் அடைத்தால் ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கி, உறைபனியில் அதன் முகம் செதில் செதிலாகக் கழன்று விழும். வில்லியம் மொறிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்த மாதிரி விதிகள் வந்த அதே 1877இல்தான். புதுப்பிக்கிறேன் என்று பழையதை அழிக்காதே, பழுதை மட்டும் பார் என்றார். தேவாலயங்களை நினைத்துச் சொன்னது. உடுப்பு அவித்த அறைக்கும் அது பொருந்தும் என்றே நான் நம்புகிறேன்.

அக்காவும் ஒத்துக்கொண்டார். பொதுச்சுவரில் இரும்பு பீம் ஏற்ற, 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அயல்வீட்டுக்கு இரண்டு மாத முன்னறிவித்தல் கொடுத்தோம். நடுச்சுவரைத் திறந்தோம், சந்தை மூடினோம். கரி பிடித்த மூலையை மட்டும் தொடவில்லை. வெளிச்சுவரில் முன்பு யாரோ அடைத்த சீமெந்தை உளியால் எடுத்தாயிற்று. பனிக்காலத்தில் சுண்ணாம்பு இறுகாது என்பதால் அந்த இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பும் வேலை மட்டும் ஏப்ரலுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.