அண்ணாவுக்குப் போன வான்கடிதங்கள்

உள்நாட்டுக் கடிதம் கடல் தாண்டாது என்பதே எங்கள் தெருப் படிப்பகத்தில் பலருக்கு 1968 செப்டம்பரில்தான் தெரிந்தது. முதலமைச்சர் அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்காக நியூயார்க் போயிருந்தார். காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள் விடிந்ததும் படிப்பக வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் முரசொலியை உரக்கப் படிப்பார். படித்து முடித்ததும் அப்பா நீல நிற வான்கடிதத்தை என்னிடம் நீட்டி, "எழுதுடா" என்பார். பள்ளிக்கூடப் பையன்தான் அங்கே எல்லோருக்கும் எழுத்தர்.

அன்று தந்தி விரைவாகப் போகும். ஆனால் வெளிநாட்டுத் தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு, முகவரிக்கும் சேர்த்து. தறிக்கூலிக்கு அது கட்டுப்படியாகாது.

கடிதத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் திண்டாட்டம். 'திராவிட நாடு', 'காஞ்சி' இதழ்களில் 'தம்பி' என்று தொடங்கி அவர் எழுதிய மடல்களை வருடக்கணக்கில் படித்தவர்கள், மேடையில் அவர் பேச நள்ளிரவு வரை காத்திருந்து கேட்டவர்கள். முதல்முறையாக அவரிடம் இவர்கள் பேச வேண்டியிருந்தது, வார்த்தை வரவில்லை. செப்டம்பர் 15 அவர் பிறந்த நாள் என்பது கைகொடுத்தது. 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்று தொடங்கி, நலம்பெற்று வர வேண்டும் என்று முடித்தோம். சிலர் நடுவில் நூல் விலையையும் சேர்க்கச் சொன்னார்கள்.

பாட்டி ஏகாம்பரநாதர் கோயில் விபூதியை உள்ளே வைத்து மடிக்கச் சொன்னாள். அப்பா பகுத்தறிவு பேசும் கட்சிக்காரர், ஆனாலும் தாயிடம் மறுத்துப் பேசத் தயங்கினார். வான்கடிதத்துக்குள் எதையும் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருந்தது அவரைக் காப்பாற்றியது. அஞ்சல் துறை பகுத்தறிவுக்குச் செய்த தொண்டு அது!

அதே மாதம் எம்.ஜி.ஆரின் 'ஒளிவிளக்கு' வெளியானது. நாயகன் பிழைக்க வேண்டும் என்று ஆண்டவனை இறைஞ்சும் பாட்டு அதில் உண்டு. 1984இல் எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபோது அந்தப் பாட்டைத் திரையரங்குகளில் ஒலிக்கவிட்டார்கள். கோயில் கோயிலாக வேண்டுதல் நடந்தது. இடையில் பதினாறே ஆண்டுகள். கூச்சத்தோடு கடிதம் எழுதிய கூட்டம், அதற்குள் வெளிப்படையாகவே சாமி கும்பிடத் தொடங்கிவிட்டது. எனக்கு அந்தக் கூச்சம்தான் பிடித்திருக்கிறது.

நவம்பரில் அண்ணா திரும்பினார். உடம்பு தேறவில்லை. ஆனால் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் சட்டம் நிறைவேறியதைக் கொண்டாட டிசம்பர் 1 அன்று சென்னை பாலர் அரங்கத்தில் விழா, வந்தார், பேசினார். 1969 பொங்கலன்று தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்தார். அதுவே கடைசிப் பொது நிகழ்ச்சி. பிப்ரவரி 3 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானார்.

நலம்பெற வேண்டும் என்று கடல் தாண்டிக் கடிதம் போட்ட தமிழ்நாடு, அவர் திரும்பியதும் அவரை ஒலிவாங்கியின் முன் நிறுத்தாமல் இருந்திருக்க வேண்டும்.