மோடம் – மவுஸ் மோதல்

ஐபிஎம் பிசி வழிவந்த பழைய கணினிகளில் சீரியல் மவுஸும் கணினிக்குள் பொருத்திய மோடம் அட்டையும் ஒரே குறுக்கீட்டுத் தடத்தைப் பிடித்துக்கொள்வதால் எழும் கோளாறு மோடம் – மவுஸ் மோதல் எனப்படும். டாஸ், விண்டோஸ் 3.1, விண்டோஸ் 95 காலக் கணினிகளில் இது மிகப் பரவலாக இருந்தது. மோடம் எண்ணை டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸ் அம்பு உறைந்துவிடும். அல்லது மவுஸை அசைத்ததும் இணைப்பு அறுந்துவிடும். சில வேளை கணினியே நின்றுவிடும். கருவிகளில் பழுது எதுவும் இருக்காது. தனித்தனியே சோதித்தால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இரண்டின் போர்ட் முகவரி எண்ணையும் குறுக்கீட்டுத் தட எண்ணையும் பார்ப்பதே சரியான முறை.

காரணம்

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8259ஏ என்ற சில்லு எட்டுக் குறுக்கீட்டுத் தடங்களைக் கவனித்தது. செயலியின் கவனம் தேவைப்படும் கருவி தன் தடத்தில் மின்குறிப்பு அனுப்பும். செயலி கைவேலையை நிறுத்திவிட்டு அந்தத் தடத்துக்குரிய நிரலை ஓட்டும். 1984இல் வந்த பிசி ஏடி இரண்டாவது சில்லைச் சேர்த்தது. இரண்டையும் பிணைக்க ஒரு தடம் போய்விட, 15 மிஞ்சின. கடிகாரம், விசைப்பலகை, பிளாப்பி, வன்தட்டு, அச்சுப்பொறி ஆகியவை அவற்றில் பலவற்றை முன்பே எடுத்துக்கொண்டிருந்தன.

சீரியல் போர்ட்டுகளுக்குக் கிடைத்தவை இரண்டே தடங்கள். காம் 1 (முகவரி 3எஃப்8) தடம் 4ஐயும், காம் 2 (2எஃப்8) தடம் 3ஐயும் பயன்படுத்தின. 1987இல் எம்எஸ்-டாஸ் 3.3 நான்கு போர்ட்டுகளை ஏற்கத் தொடங்கியபோது காம் 3க்கு 3இ8, காம் 4க்கு 2இ8 எனத் தனி முகவரிகள் இருந்தன. தனித் தடங்கள் இல்லை. வழக்கப்படி காம் 3 மீண்டும் தடம் 4க்கே வந்தது. காம் 4 தடம் 3க்கு வந்தது. முழுச் சிக்கலின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

வெளியே வைக்கும் மோடம் ஏற்கெனவே உள்ள ஒரு போர்ட்டில் சொருகப்படுவதால் பெரும்பாலும் தொல்லை தராது. மோடம் அட்டையோ தன்னுடைய சீரியல் சில்லைத் தானே கொண்டுவருகிறது. அதாவது கணினிக்கு இன்னொரு போர்ட்டைச் சேர்க்கிறது. காம் 1, காம் 2 இரண்டும் தாய்ப்பலகையில் இருப்பதால் அட்டையைக் காம் 3 ஆக அமைப்பார்கள். மவுஸ் காம் 1இல் இருந்தால் இரண்டும் தடம் 4இல் மோதும்.

கணினியைத் தொடங்கும்போது ஏன் எதுவும் நடப்பதில்லை? சீரியல் போர்ட்டின் குறுக்கீட்டுக் குறிப்பு, சில்லின் இரண்டாவது துணை வெளியீடு இயக்கப்பட்ட பிறகே தடத்தை எட்டும்படி ஐபிஎம் வடிவமைத்திருந்தது. தொடர்பு மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்வரை மோடம் தடத்தைத் தொடுவதில்லை. திறந்ததும் இரண்டு கேடுகள் ஒருசேர வருகின்றன. ஒரு தடத்துக்கு நினைவகத்தில் ஒரே ஒரு நிரல் முகவரிதான் உண்டு; அதை மோடம் மென்பொருள் எழுதிக்கொண்டால் மவுஸ் இயக்கியை யாரும் அழைப்பதில்லை. அடுத்து, அட்டைகள் செருகப்படும் ஐஎஸ்ஏ பாட்டையில் மின்னழுத்தம் தாழ்நிலையிலிருந்து உயரும் அந்தக் கணம் மட்டுமே குறிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். ஒரு கருவி தடத்தை உயர்நிலையில் பிடித்திருந்தால் மற்றதன் அழைப்பு பதிவாகாது.

கண்டறிதல்

மவுஸ் இயக்கியை ஏற்றாமல் டாஸைத் தொடங்கி மோடத்தை இயக்குவது நல்ல முதற்சோதனை. அப்போது இணைப்பு நிலைத்தால் மோதல் என்றே கொள்ளலாம். எம்எஸ்டி என்ற சோதனை நிரலை விண்டோஸுக்குள் ஓட்டாமல் டாஸிலிருந்து ஓட்ட வேண்டும். அதன் தடப் பட்டியலை முற்றாக நம்பவும் கூடாது. அட்டையைக் கழற்றி ஜம்பர்களை (முகவரியையும் தடத்தையும் அமைக்கும் சிறு இணைப்பிகளை) நேரில் பார்ப்பதைவிட உறுதியான சான்று வேறில்லை. விண்டோஸ் 95இல் சாதன மேலாளரில் ‘கணினி’ என்ற தலைப்பின் பண்புகளைத் திறந்தால் தடங்கள் யாரிடம் உள்ளன என்பது வரிசையாகத் தெரியும்.

மவுஸ் நன்றாக இயங்கி, கோப்பு இறங்கும்போது மட்டும் எழுத்துகள் தொலைந்தால் அது வேறு கோளாறாக இருக்கலாம். பழைய 8250, 16450 சீரியல் சில்லுகளுக்கு, வரும் எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் தாங்குநினைவு இல்லை. 16 பைட் கொள்ளும் 16550ஏ சில்லே விரைவு மோடங்களுக்கு ஏற்றது.

தீர்வு

பயாஸ் அமைப்பில் பயன்படாத காம் 2ஐ முடக்கிவிட்டு, மோடம் அட்டையைக் காம் 2, தடம் 3 என அமைப்பதே சிறந்த வழி. பழைய கணினிகளில் இந்த முடக்கத்தைத் தனி உள்ளீட்டு–வெளியீட்டு அட்டையின் ஜம்பரில் செய்ய வேண்டும். எல்லா மென்பொருளும் எதிர்பார்க்கும் வழக்கமான அமைப்பு இது என்பதால் பின்னர் எந்த நிரலிலும் எதையும் மாற்ற வேண்டியிருக்காது. முடக்காமல் மோடத்தை மட்டும் காம் 2 ஆக்கினால் ஒரே முகவரியில் இரண்டு சில்லுகள் பதில் சொல்லும். நிலைமை இன்னும் மோசமாகும்.

காம் 2 தேவைப்படுகிறவர்கள் மோடத்தைக் காம் 3இல் வைத்துத் தடத்தை மட்டும் 5க்கு மாற்றலாம். அங்கே ஒலி அட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல மோடம் அட்டைகள் எட்டு பிட் வகையைச் சேர்ந்தவை என்பதால் 10, 11 போன்ற மேல்தடங்கள் அவற்றுக்கு எட்டா. ஜம்பரில் 2 என்று இருப்பது ஏடி வகைக் கணினியில் 9 ஆகப் பதிவாகும். அட்டையில் மாற்றியதை மென்பொருளுக்கும் சொல்லியாக வேண்டும்: விண்டோஸ் 3.1இல் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் காம் 3க்குரிய தட வரியைச் சேர்க்கலாம். லினக்ஸில் செட்சீரியல் கட்டளை உண்டு. காம் 4ஐ நாடுவோர், 2இ8 முகவரியை எஸ்3 போன்ற சில திரை அட்டைகளும் பயன்படுத்துவதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த பிஎஸ்/2 மவுஸ் இணைப்பி தடம் 12ஐப் பயன்படுத்துகிறது. தாய்ப்பலகையில் அது இருந்தால் சீரியல் மவுஸைக் கைவிடுவதே எளிது. பின்னர் வந்த பிசிஐ பாட்டையில் குறிப்பு மின்நிலையைக் கொண்டே உணரப்படுவதால் பல அட்டைகள் ஒரே தடத்தைப் பகிர முடிந்தது.