எவர் பணத்தில் எழுந்தது பள்ளி?

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் ஆர்கன்சா என்றொரு மாநிலம். அதன் தலைநகரம் லிட்டில் ராக். 1927-ஆம் ஆண்டில் அந்நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. பள்ளியா அது? மாளிகை! இரண்டு தெருக்களின் நீளத்திற்கு விரிந்து கிடந்த மாளிகை. கட்டி முடிக்க ஆன செலவு 15 இலட்சம் டாலர். நாட்டிலேயே மிக அழகிய உயர்நிலைப் பள்ளி என்று கட்டடக் கலைஞர்கள் புகழ்ந்தனர். வாயிலின் மேலே நான்கு பெண் சிலைகளை நிறுத்தினர். உயர்வேட்கை ஒரு சிலை. ஆளுமை ஒரு சிலை. ஆயத்தம் ஒரு சிலை. வாய்ப்பு ஒரு சிலை.

வாய்ப்பு! சொல்லிலே இனிப்பு, சிலையிலே வனப்பு, வாயிலிலோ தடுப்பு! ஏனெனில், அச்சிலையின் கீழே நுழைய வெள்ளைத் தோல் வேண்டும். அதே நகரில் பிறந்து, அதே நகரில் உழைத்து, அதே நகருக்கு வரி கட்டிய கருப்பின மக்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை.

அப்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி 1929-இல் எழுந்தது. அதன் செலவு 4 இலட்சம் டாலர். வெள்ளையர் பள்ளிக்கு வரைபடம் தீட்டிய கலைஞர் குழுவிலிருந்த விட்டன்பர்க், டெலோனி ஆகிய இருவரே இதற்கும் வரைபடம் தீட்டினர். ஆனால் பணம்? வெள்ளையர் மாளிகைக்கே பள்ளி வாரியத்தின் கட்டட நிதி கரைந்து போயிற்று. ஆகவே இப்பள்ளிக்காக வெளியே கையேந்த வேண்டியதாயிற்று. ரோசன்வால்டு நிதியம் 67,500 டாலர் தந்தது. ராக்பெல்லர் செல்வத்தால் இயங்கிய பொதுக் கல்வி வாரியம் 30,000 டாலர் தந்தது. ஆக, செலவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கொடையாக வந்தது. ஒரு பிள்ளையின் பள்ளி, நகரத்தின் கடமை. மற்றொரு பிள்ளையின் பள்ளி, தனவந்தரின் தயவு! ஒரே நகரம், ஒரே வாரியம், ஒரே வரி. பிள்ளைகள் மட்டும் இருவேறு கணக்கில்!

பள்ளியின் வரலாறு என்றால் தலைமையாசிரியர் பெயரையும் திறப்பு விழாத் தேதியையும் எழுதி முடிப்பது வழக்கம். நாம் இங்கே வேறொரு ஏட்டைப் புரட்ட விரும்புகிறோம். அது கட்டடக் கணக்கேடு. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை மேடைப் பேச்சில் மறைத்துவிடலாம். கணக்கேட்டில் மறைக்க முடியாது.

* * *

இந்த அநீதிக்குச் சட்டத்தின் முத்திரையும் இருந்தது. பிரித்து வைக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும் என்று 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சமத்துவத்தின் இலட்சணம் மூன்றே ஆண்டுகளில் விளங்கிவிட்டது. ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் கருப்பின மாணவர்க்கென வேர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. 1897-இல் அதனை ரிச்மண்டு வட்டாரக் கல்வி வாரியம் மூடிற்று. காரணம் கேட்டபோது, பணமில்லை, தொடக்கப் பள்ளிகளுக்கே அந்தப் பணம் தேவை என்றனர். வெள்ளையர் உயர்நிலைப் பள்ளிக்குப் பணம் இருந்ததே! அது எப்படி? பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1899-இல் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் பக்கமே நின்றது.

அந்தத் தீர்ப்பின் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு சாராருக்கு உயர்நிலைப் பள்ளி இல்லாமலே போகலாம்; மற்றொரு சாராருக்கு இருக்கலாம்; வரியை மட்டும் இரு சாராரும் கட்ட வேண்டும்! பணமில்லை என்ற சொல், நடுநிலை வேடம் பூண்டு வரும் வஞ்சகச் சொல். எவருக்குப் பணமில்லை, எதற்குப் பணமிருக்கிறது என்று திருப்பிக் கேட்டாலன்றி அதன் வேடம் கலையாது.

* * *

இந்நிலையில்தான் ரோசன்வால்டு பள்ளிகளின் கதை தொடங்குகிறது. சியர்ஸ் ரோபக் என்னும் பெரும் வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டு. 1912-இல் தமது ஐம்பதாம் பிறந்த நாளை ஒட்டி அவர் வழங்கிய கொடைகளில் 25,000 டாலர், அடிமையாய்ப் பிறந்து அறிஞராய் உயர்ந்த புக்கர் வாஷிங்டனின் டஸ்கீகி கல்வி நிலையத்திற்குச் சென்றது. அத்தொகையில் எஞ்சிய 2,800 டாலரைக் கொண்டு அலபாமாவின் சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார். ரோசன்வால்டு இசைந்தார். ஆறு பள்ளிகள் எழுந்தன. அந்த ஆறு, 1932-க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளாய்ப் பெருகிற்று. ஆசிரியர் வீடுகள் 217, தொழிற்கூடங்கள் 163 தனி.

திட்டமிட்ட விதத்தை நாம் கவனித்தே ஆகவேண்டும். கண்டபடி கட்டிய கொட்டகைகள் அல்ல அவை. நிலம் குறைந்தது இரண்டு ஏக்கராவது இருக்க வேண்டும். விளையாடவும் தோட்டமிடவும் இடம் வேண்டும் அல்லவா? மின்விளக்கு எட்டாத ஊர்கள் ஆதலால் கதிரொளியே விளக்கு. எனவே கிழக்கும் மேற்கும் நோக்கி உயர்ந்த சன்னல்களை வரிசையாய் வைத்தனர். எழுதும் கையின் நிழல் ஏட்டில் விழாதிருக்க, ஒளி மாணவரின் இடப்புறமிருந்து வருமாறு இருக்கைகளை இட்டனர். இரு வகுப்பறைகளுக்கு நடுவே மடக்குத் தடுப்பு. அதை விலக்கினால் ஊர்க்கூட்டம் நடத்த மண்டபம். கழிப்பிடமும் திட்டத்தில் அடங்கியது. ஆசிரியர் ஒருவரே உள்ள ஊர்க்கு ஒரு வரைபடம், இருவர்க்கு ஒன்று, மேலும் பெரிய பள்ளிக்கு வேறொன்று என அச்சிட்டு வழங்கினர். சாமுவேல் ஸ்மித் என்பவர் நாஷ்வில் நகரிலிருந்து இப்பணியை நடத்தினார். அந்த வரைபடங்களைப் பார்த்து வெள்ளையர் ஊர்களும் தம் பள்ளிகளைக் கட்டிக்கொண்டன என்பது இதன் சுவையான பகுதி!

இனி, பணம். முழுத் தொகையையும் நிதியம் தரவில்லை. ஊர் மக்கள் தம் பங்கைத் திரட்ட வேண்டும். அரசும் தன் பங்கைத் தரவேண்டும். முடிந்த கட்டடமும் நிலமும் பொதுப் பள்ளியின் உடைமையாக எழுதப்பட வேண்டும். இவை நிபந்தனைகள். திட்டம் முடிந்தபோது மொத்தச் செலவு 2 கோடியே 84 இலட்சம் டாலர். பொது வரிப் பணம் 1 கோடியே 81 இலட்சம். நிதியத்தின் கொடை 43 இலட்சத்துக்குச் சற்று மேல். வெள்ளையர் தனிப்பட முறையில் தந்தது 12 இலட்சம். கருப்பின மக்கள் தந்தது 47 இலட்சம்!

தோழர்களே, அந்த எண்களை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். கட்டடங்கள் தாங்கியிருப்பது செல்வரின் பெயர். ஆனால் அச்செல்வரின் நிதியத்தைவிட மிகுதியாகத் தந்தவர்கள், அன்றாடம் கூலிக்கும் குத்தகைக்கும் அல்லல்பட்ட ஏழைகள். ஏதுமற்றோர் எப்படித் தந்தனர்? நிலமுள்ளவர் நிலம் தந்தனர். மரம் வைத்திருந்தவர் மரம் வெட்டித் தந்தனர். ஒன்றுமில்லாதவர் உடலுழைப்பைத் தந்தனர். பருத்தி வயலில் ஒரு துண்டை ஒதுக்கி, அதன் விளைச்சல் பள்ளிக்கு என்றனர். பெண்கள் உணவு சமைத்து விற்றுக் காசு சேர்த்தனர். அலபாமாவின் பொலிகீ என்ற சிற்றூரில் நடந்த நிதிக் கூட்டத்தில், அடிமைக் காலத்தைக் கண்ட கிழவர் ஒருவர், எண்ணெய்ப் பிசுக்கேறிய பையொன்றை மேசைமீது கவிழ்த்தார். உள்ளே இருந்தது 38 டாலர். அவரது வாழ்நாள் சேமிப்பு! படிப்பதே குற்றமென்று சட்டம் சொன்ன காலத்தில் பிறந்தவர், பேரப்பிள்ளைகள் படிக்கட்டும் என்று தன்னிடம் இருந்ததை எல்லாம் தந்தார்.

நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் நெகிழ்ந்ததோடு நின்றுவிட்டால் நாம் பகுத்தறிவாளர் அல்லோம். அந்தக் கிழவரின் ஈகையைப் போற்றும்போதே, அவரை அந்நிலைக்குத் தள்ளிய ஆட்சியைக் குற்றக் கூண்டில் நிறுத்தியாக வேண்டும். கருப்பின மக்கள் வரி கட்டினர். அந்த வரியில் பெரும்பகுதி வெள்ளையர் பள்ளிக்குப் போயிற்று. பிறகு தம் பள்ளிக்காக மீண்டும் பணம் திரட்டினர். இரட்டை வரி என்று வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறிப்பது முற்றிலும் பொருத்தம். அது மட்டுமா? தம் காசில் வாங்கிய நிலத்தை, தமக்கு வாக்கே இல்லாத வாரியத்தின் பெயருக்கு எழுதியும் கொடுத்தனர்!

அந்த நிபந்தனைக்கு மறுபுறமும் உண்டு. அதையும் சொல்லுவதே நேர்மை. தனியார் கட்டிய பள்ளி, தனியார் பொறுப்பாகவே கிடந்திருக்கும். பொது உடைமை ஆனபின் ஆசிரியர் சம்பளத்திலிருந்தும் பராமரிப்பிலிருந்தும் அரசு முற்றாக நழுவ முடியவில்லை. பொது வரியிலிருந்து 1 கோடியே 81 இலட்சத்தை வரவழைத்தது அந்த நிபந்தனையே. பூட்டிய பெட்டியைத் திறந்த நெம்புகோல் அது. ஆனால் பெட்டியில் இருந்தது எவர் பணம்? அவர்களுடைய பணமும்தானே!

* * *

மீண்டும் லிட்டில் ராக்குக்கு வருவோம். கொடை வந்தது, கூடவே கட்டளையும் வந்தது. நகரங்களில் கருப்பின மாணவர்க்குக் கைத்தொழில் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளிகளே வேண்டும் என்பது நிதியத்தார் கருத்து. பள்ளிக்கு இட்ட பெயரே நீக்ரோ தொழிற்கலைப் பள்ளி என்பது. கையால் உழைப்பவன் பிள்ளைக்குக் கைத்தொழிலே போதும், கருத்தெதற்கு, கல்லூரி எதற்கு என்பது அதன் உட்பொருள். அப்பன் தொழில் மகனுக்கு என்னும் குரலை நாமும் கேட்டவர்கள்தாம்; அதன் இனிமையும் அறிவோம், அதன் நஞ்சும் அறிவோம்.

லிட்டில் ராக்கின் கருப்பின மக்கள் தலையாட்டவில்லை. தொழிற்கல்வியை அவர்கள் வெறுக்கவில்லை. அது மட்டுமே உங்கள் விதி என்று விதிப்பதை எதிர்த்தனர். கல்லூரிக்கு வழிகாட்டும் முழுப் பாடத்திட்டம் வேண்டுமென்றனர். பெயர் மாறிற்று. முன்னாள் அடிமைகளின் மகனாய்ப் பிறந்து கவிதையால் புகழ்பெற்ற பால் லாரன்ஸ் டன்பாரின் பெயரைப் பள்ளி தாங்கிற்று. பட்டறையின் பெயரோடு பிறக்கவிருந்த பள்ளி, பாவலன் பெயரோடு பிறந்தது! இலக்கியமும் கணக்கும் அறிவியலும் அங்கே நடந்தன. இளநிலைக் கல்லூரி ஒன்றும் அதனுள் இயங்கியது.

பெற்ற கொடைக்காக வாய்மூடி இருப்பவர் உண்டு. டன்பார் பள்ளியின் ஆசிரியர்கள் அப்படி இருக்கவில்லை. ஆங்கிலத் துறைத் தலைவர் சூ மாரிஸ் என்னும் அம்மையார், ஒரே பணிக்கு வெள்ளை ஆசிரியருக்கொரு சம்பளம், எமக்கொரு சம்பளமா என்று கேட்டு 1942-இல் வழக்குத் தொடுத்தார். பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் அவருக்காக வாதாடினார். கீழ் நீதிமன்றத்தில் தோல்வி. 1945-இல் மேல்முறையீட்டில் வெற்றி. இடையில் அம்மையாரின் வேலை பறிபோயிற்று. 1952-இல்தான் மீண்டும் கிடைத்தது. கட்டடம் எழுந்ததோடு கணக்கு முடியவில்லை. சம்பளப் பட்டியலிலும் சமத்துவம் வேண்டும் என்று காட்டியவர் அவர்.

1954-இல் பிரித்து வைக்கும் முறையே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 1957-இல் கருப்பின மாணவர் ஒன்பது பேர் அந்த மாளிகைப் பள்ளியின் வாயிலுக்குச் சென்றனர். அவர்களுள் பலர் டன்பாரில் பயின்றவர்கள். ஆளுநர் பாபஸ் படைவீரரை நிறுத்தித் தடுத்தார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் வான்குடைப் படைப்பிரிவை அனுப்பினார். செப்டம்பர் 25-ஆம் நாள், துப்பாக்கி ஏந்திய வீரர்கள் சூழ, ஒன்பது இளைஞர்கள் அந்த நான்கு சிலைகளின் கீழ் நடந்து உள்ளே புகுந்தனர். வாய்ப்பு என்னும் சிலை முப்பது ஆண்டுகளாகச் சொன்ன பொய், அன்றுதான் மெய்யாகத் தொடங்கிற்று.

ஆதிக்கம் அடுத்து என்ன செய்தது? 1958-59 கல்வியாண்டு முழுவதும் நகரத்துப் பொது உயர்நிலைப் பள்ளிகள் நான்கையும் மூடிவிட்டது! 3,665 மாணவர்கள் பள்ளியின்றி நின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வெள்ளைப் பிள்ளைகள். 15 இலட்சம் டாலர் மாளிகை பூட்டிக் கிடந்தது. பக்கத்து இருக்கையில் கருப்புப் பிள்ளை அமர்வதைவிடத் தன் பிள்ளையும் படிக்காதிருப்பதே மேல் என்று கருதும் வெறியை என்னென்பது! 1959-இல் நகர மக்களே அந்த வாரியத்தின் வெறியரைத் தேர்தலில் விலக்கிப் பள்ளிகளைத் திறக்க வழி செய்தனர்.

இரண்டு கட்டடங்களும் இன்றும் நிற்கின்றன. பார்ப்பவர் செங்கல்லையும் சிலையையும் பார்க்கின்றனர். நாம் கணக்கேட்டைப் பார்த்தோம். பொதுப் பள்ளி என்பது கொடையாளியின் கருணையில் முளைப்பதன்று. மக்களின் வரியில் எழுவது, மக்களின் உரிமையில் நிற்பது. கொடை வந்தால் நன்றி கூறுவோம். ஆனால் கொடை வந்துவிட்டதே என்று அரசின் கடமையைத் தள்ளுபடி செய்ய ஒப்போம். நம் ஊரில் புதுப் பள்ளிக்கு அடிக்கல் நாட்டும் நாளில் மாலையும் மேளமும் இருக்கட்டும். கூட்டம் கலையுமுன் எழுந்து, பணம் எங்கிருந்து வருகிறது, நிலம் எந்தத் தெருவுக்கு அருகில் இருக்கிறது, குழுவில் எவரெவர் அமர்ந்திருக்கின்றனர், பாடம் எவர் பிள்ளையை எந்த உயரம் வரை கொண்டு செல்லும் என்று கேட்கும் ஓர் இளைஞனும் அங்கே இருக்க வேண்டும்.

பொலிகீயின் கிழவர் கவிழ்த்த பையில் 38 டாலர் இருந்தது. அதற்கு உலகம் இன்னும் முழுதாக விடை கூறவில்லை.