மணிக்கட்டைக் காக்கும் விசைப்பலகை

நாள் முழுவதும் கணினியில் தட்டச்சு செய்வோரின் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் அடிக்கடி மரத்துப்போனால், மணிக்கட்டு வழியே செல்லும் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அதற்கு மருத்துவரையே நாட வேண்டும்; விசைப்பலகை மருந்தாகாது. ஆனால், கைக்குச் சுமையைக் குறைக்கும்.

சாதாரண விசைப்பலகையில் கைகள் நடுவில் நெருங்குவதால் மணிக்கட்டு வெளிப்புறமாக வளைகிறது. 1994இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'நேச்சுரல்' போன்றவற்றில் விசைகள் இரு பிரிவாக விலகி நிற்பதால் இந்த வளைவு குறைகிறது. வலப்புற எண் விசைகள் தேவைப்படாதவர்கள் அவை இல்லாத வகையை வாங்கலாம். மௌஸ் கைக்கு அருகில் வரும்.

புதிது வாங்காமலும் சிலவற்றைச் செய்யலாம். விசைப்பலகையின் பின்புறக் கால்களை மடக்கி வையுங்கள். அவை உயர்ந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். முழங்கை ஏறக்குறைய 90 பாகையில் இருக்கட்டும். தட்டும்போது மணிக்கட்டை மேசையில் ஊன்றாதீர்கள்.

தமிழில் தட்டுவோருக்குத் தமிழ்99 முறையும் கைகொடுக்கும். உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருப்பதால் வேலை இரு கைகளுக்கும் பகிரப்படுகிறது. 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் 8 விசைகள். தமிழ்99இல் 6 போதும்.