எஃகு வளையக் கையுறை

எஃகு வளையக் கையுறை என்பது துருவேறா எஃகுக் கம்பியாலான சிறு வளையங்களை ஒன்றுடன் ஒன்று கோத்துப் பற்றவைத்துச் செய்யப்படும் பாதுகாப்புக் கையுறை ஆகும். இறைச்சி வெட்டும் தொழிலிலும் ஆடைத் தொழிலிலும் இது பயன்படுகிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலைகளில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர்கள் இதனை அணிகின்றனர். பேச்சு வழக்கில் இது ஸ்டீல் கிளவுஸ் எனப்படும்.

தேவை

பின்னல் துணி மேசைமேல் பல அடுக்குகளாக விரிக்கப்பட்டு, அதன்மேல் வைக்கப்படும் அளவுத்தாளின் கோடுகளை ஒட்டி வெட்டப்படுகிறது. இதற்குப் பயன்படும் நேர்கத்தி இயந்திரத்தின் கத்தி நிமிடத்துக்குச் சுமார் 3,000 முறை மேலும் கீழும் இயங்குகிறது. வலக்கை இயந்திரத்தைத் தள்ள, இடக்கை துணியை அழுத்திப் பிடிக்கிறது. நெய்த துணியைவிடப் பின்னல் துணி எளிதில் இழுபடும். அதன் ஓரங்கள் சுருளும். ஆகவே இடக்கை கத்திக்கு மிக அருகில் செல்ல நேரிடுகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியனவே பெரிதும் ஆபத்துக்கு உள்ளாகின்றன.

தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் இழப்பு 30 விழுக்காடும், சுட்டுவிரல் முழுவதையும் இழத்தல் 14 விழுக்காடும் வருவாய்த்திறன் இழப்பாக மதிப்பிடப்பட்டன. விரல்களையே நம்பித் தொழில் செய்யும் கட்டிங் மாஸ்டருக்கு உண்மையான இழப்பு இவ்வெண்களைவிடப் பெரிது.

தேர்ந்தெடுத்தல்

மூன்று விரல்களை மட்டும் மூடுவன, ஐந்து விரல்களையும் மூடுவன என இருவகைக் கையுறைகள் உள்ளன. மூவிரல் வகை எடை குறைந்தது. துணியின் அடுக்குகளை மற்ற விரல்களால் தொட்டுணர இடமளிக்கிறது. எனினும் மோதிரவிரலும் சிறுவிரலும் காப்பின்றி நிற்கும்.

அளவே முதன்மையானது. பெரிய கையுறையின் விரல்நுனியில் தொங்கும் வளையங்கள் கத்தியின் பாதையில் விழக்கூடும். சிறியதாயின் கை விரைவில் களைத்துவிடும். அளவைக் காட்ட மணிக்கட்டுப் பட்டையின் நிறம் உதவுகிறது. பரவலாக வழங்கும் முறையில் வெள்ளை சிறியதையும், சிவப்பு நடுத்தரத்தையும், நீலம் பெரியதையும் குறிக்கும். ஒரே அளவை வாங்கி அனைவருக்கும் கொடுப்பது பொருத்தமற்றது. வியர்வைக்கும் உராய்வுக்கும் ஈடாக உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை அணிவதுண்டு. அதையும் போட்டுக்கொண்டே அளவு பார்த்தல் வேண்டும்.

வரம்புகள்

இக்கையுறைக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 13999 (முதற் பகுதி, 1999) ஆகும். இத்தரம் கையால் பிடிக்கும் கத்தியின் வெட்டையும் குத்தையும் மட்டுமே கருதுகிறது. மின்விசையால் இயங்கும் கத்திக்கு அது உறுதி கூறவில்லை. விற்பனையின்போது இவ்வேறுபாடு பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சுழலும் வட்டக்கத்தியில் வளையம் சிக்கினால் கை உள்ளிழுக்கப்படலாம். எனவே இயந்திரத்தின் அழுத்துபாதத்தைத் துணியின் உயரத்துக்கு இறக்கி வைத்தலே முதற் காப்பு. கையுறை அதற்கு அடுத்ததே. உலோகம் மின்சாரத்தைக் கடத்துமாதலால், காப்புறை கிழிந்த மின்கம்பியை இக்கையுறையுடன் தொடலாகாது.

எடை, வெப்பம், துணியின் பிடி நழுவுதல் ஆகிய காரணங்களால் தொழிலாளர் சிலர் இதனைக் கழற்றி வைப்பதுண்டு. வெட்டும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறும் இடங்களில் இத்தூண்டுதல் மிகுதி. அங்கே அறிவுரையைவிடப் பொருத்தமான அளவும் மூவிரல் வகையும் பயன் தரும்.

பராமரிப்பு

நாள்தோறும் அணியுமுன் கையுறையை வெளிச்சத்தில் விரித்து, அறுந்த வளையம் உளதா எனப் பார்த்தல் வேண்டும். ஒரு வளையம் விட்டாலும் சுற்றியுள்ளவை தளரும். நூலாலோ சாதாரணக் கம்பியாலோ கட்டிச் சரிசெய்தல் தவறு. உதிர்ந்த வளையம் துணிக்குள் கலப்பதும் உண்டு. ஏற்றுமதி ஆடைகளைச் சோதிக்கும் ஊசி கண்டறியும் கருவி காந்தத்தன்மையுள்ள உலோகத்தையே எளிதில் உணர்வதால், துருவேறா எஃகு வளையம் அதில் அகப்படாமல் ஆடையுடன் சென்றுவிடலாம்.