மாத்தளையிற் பிறந்த சாரணர் இயக்கமும் பழைய சாரணர் ஒன்றுகூடலும்

ஓர் இயக்கத்தின் வரலாற்றை அதன் ஆண்டறிக்கைகள் மட்டும் உரைப்பதில்லை. அவ்வியக்கத்தில் வளர்ந்தோர் பிற்காலத்தில் ஒருங்கு கூடி இளமையை நினைந்து மகிழும் வேளையிலும் அது வெளிப்படும். நரைத்த தலையினர் கழுத்துப்பட்டி அணிந்து, பாசறைத் தீயைச் சுற்றி அமர்ந்து, தம் அணியின் முழக்கத்தை மீண்டும் எழுப்புவதும், அதிபராயும் வைத்தியராயும் வணிகராயும் உயர்ந்தோர் பழைய பட்டப்பெயராலேயே அழைக்கப்பட்டு நகைப்பதும் பழைய சாரணர் ஒன்றுகூடல்களில் இயல்பாகக் காணப்படுவன. இலங்கையில் இத்தகைய நினைவுகூரலுக்குத் தனி உரிமை பூண்ட ஊர் மாத்தளையாகும். இந்நாட்டுச் சாரணர் இயக்கம் அங்கேயே பிறந்தது.

தென்னாபிரிக்கப் போரில் மபேக்கிங் நகரைக் காத்துப் புகழெய்திய பேடன் பவல், 1907இல் பிரவுன்சீத் தீவில் சிறுவர்க்கு ஒரு பரீட்சார்த்தப் பாசறையை நடத்தினார். மறு ஆண்டில் அவர்தம் சாரணர் கைநூல் வெளிவந்தது. அதற்குப் பின் நான்கே ஆண்டுகளில், 1912இல், மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பார் இலங்கையின் முதற் சாரணர் படையைத் தொடங்கினார். தலைநகராகிய கொழும்பை முந்திக்கொண்டு மலைநாட்டுச் சிறுநகர் ஒன்று இப்பெருமையைப் பெற்றமை குறிப்பிடத்தக்கது. 1917இல் பெண் சாரணியர் இயக்கமும் அயலிலுள்ள கண்டியிலேயே தொடங்கியது.

இவ்வியக்கத்தின் உயிர்நாடி அணி முறையாகும். ஆறு முதல் எட்டுச் சிறுவர் ஓரணி. அவருள் ஒருவனே அணித் தலைவன். கட்டளையிடுவதன் முன் கூடாரம் அடிக்கவும், அடுப்பு மூட்டவும், இளையோனின் காயத்துக்குக் கட்டுப் போடவும் அவன் கற்றிருத்தல் வேண்டும். தலைமை என்பது பதவியன்று, பொறுப்பு என்பதை நூலாலன்றிச் செயலால் உணர்த்திய முறை இது. முதியோர் ஒன்றுகூடலில் பரிசுகளையும் பதக்கங்களையும் விட, மழையில் நனைந்த விறகும் கருகிய சோறுமே பெரிதும் பேசப்படுவதன் காரணமும் இதுவே எனலாம்.

சாரணர் அனைவரும் இனம், வகுப்பு, சமயம் கடந்து உடன்பிறந்தார் என்பது இவ்வியக்கத்தின் விதிகளுள் ஒன்று. அவ்விதி எங்கும் ஒருபடித்தாகப் பேணப்படவில்லை. இந்தியாவில் 1909இல் பெங்களூரில் அமைந்த சாரணர் படை ஐரோப்பியச் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவர்க்குக் கதவு அடைபட்டிருந்தமையாலேயே அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தனிச் சாரணர் சங்கம் ஒன்றை நிறுவ நேர்ந்தது. இலங்கையில் நிறத்தின் பெயரால் அத்தகைய பெருந்தடை எழவில்லை. ஆயினும் வேறொரு வேலி இங்கு இருந்தது. அதனை அறிய மாத்தளையின் சமூக வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மலைநாட்டை அடைந்த பாதை மாத்தளையூடாகவே சென்றது. பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். 1880இல் கண்டியிலிருந்து புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியபோது, நகரைச் சூழ்ந்த மலைகள் தோட்டங்களாய் மாறியிருந்தன. நகரத்தில் ஆங்கிலக் கல்லூரி, தோட்டத்தில் லயம். 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வியைத் தோட்டத்துரையின் கடமையாக்கியது. எனினும் பெரும்பாலான தோட்டப் பள்ளிகள் ஒற்றை ஆசிரியரோடும் சில வகுப்புகளோடும் நின்றன. நகரக் கல்லூரிச் சிறுவன் முடிச்சுப் போடப் பழகிய வயதில், தோட்டச் சிறுவன் பெற்றோருடன் மலையேறினான். சாரணர் விதி அவனை ஒதுக்கவில்லை. அவ்விதி வாழ்ந்த பள்ளிக்கூடம் அவனுக்கு எட்டவில்லை.

தடைகளைக் கடந்து நகரப் பள்ளிகளை அடைந்த தமிழ் மாணவர்க்கும் பின்னர் பிரிவே வாய்த்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் குடும்பங்களுட் பெரும்பாலானவற்றை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. தலைமன்னாரிற் கப்பலேறியோருள் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தோட்டத் தொழிலாளராயினர். 1983 யூலை வன்செயலில் மாத்தளை நகரத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரியுண்டன; மேலும் பலர் ஊரை நீங்கினர்.

ஆதலின் மாத்தளையில் நிகழும் எந்த ஒன்றுகூடலிலும் இருவகை வெற்றிடங்கள் உள. ஒன்று, வட்டத்துக்குள் இருந்து பின் வெளியேற நேர்ந்தோரது. மற்றது, வட்டத்துக்குள் வரவே இயலாதோரது. முன்னவரை நண்பர்கள் நினைவுகூர்வர். பின்னவரை நினைவுகூர வரலாற்றாசிரியனே வேண்டும்.

2012இல் இலங்கைச் சாரணர் இயக்கம் நூறாண்டைக் கடந்தது. பழைய சாரணர்கள் மகிழ்ந்து கலைவதோடு அமையாது, தம்மிடமுள்ள படங்களையும் அணிப் பதிவேடுகளையும் பெயர்ப்பட்டியல்களையும் திரட்டிப் பேணுதல் இன்றியமையாதது. கோத்தகிரியிலோ கனடாவிலோ வாழும் தோழனின் பெயரும் அங்கே இடம்பெறல் வேண்டும். இன்றைய தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு சாரணர் படை அமையத் துணை நிற்பதும் அவர்தம் கடனாகும். அணியில் எவரேனும் பின்தங்கினால் நின்று, அவரையும் அழைத்துச் செல்பவனே அணித் தலைவன் என்று அவர்கள் கற்ற முதற்பாடம் அப்பொழுதே நிறைவுறும்.